தானே வைத்துக்கொண்ட முகவரி

சனிக்கிழமை காணாமல் போன பட்டுப்புடவையை கேமரா ரெக்கார்டரில் தேடித் தரச்சொல்லிக் கணேசமூர்த்தி அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார். தி.நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் அவருடைய ஜவுளிக்கடை. போன மாதம் அங்கே கேமரா மாட்டியவன் நான்தான்.

பட்டுப் பிரிவில் நிற்கும் வேலம்மா மேல்தான் சந்தேகமாம். அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்தாள்.

"நல்லா பாரு நைனா. அந்தப் பொட்டிலதான் என் மானமே கீது" என்றாள், ரெக்கார்டரைக் காட்டி.

பார்த்தேன். சனிக்கிழமை இல்லை. வெள்ளியும் இல்லை. நான் மாட்டிக்கொடுத்த அன்றைக்குப் பிறகு ஒன்றுமே பதிவாகவில்லை.

"போன்ல தினமும் பாக்கேனப்பா, எல்லாம் தெரியுதே?" என்றார் அண்ணாச்சி. போனில் கேமரா நேராகவே தெரியும், அதற்கு ரெக்கார்டர் தேவையில்லை.

"காலையில எந்த சுவிட்சு முதல்ல போடுவீங்க?" என்று கேட்டேன்.

வேலம்மாதான் பதில் சொன்னாள். "சாமிக்கு சூடம் காட்னதும் இந்தப் பொட்டி. அப்பால லைட்டு, ஃபேனு. கடைசியாதான் மாடில அந்த நெட்டு டப்பா."

புரிந்துவிட்டது. ரெக்கார்டர் எழுந்ததும் நெட்வொர்க்கில் தனக்கொரு முகவரி, அதாவது ஒரு எண், கேட்கும். கொடுக்கவேண்டியது மாடியில் இருக்கும் ரூட்டர். அது தூங்கினால், ரெக்கார்டர் வாய்க்கு வந்த எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த முகவரியில் இருந்துகொண்டு தேடினால் ஒரு கேமராவும் அகப்படாது, பதிவும் ஆகாது. இதை அண்ணாச்சிக்கு விளக்கினேன். முகவரியை நிலையாக எழுதி வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை, இரண்டு நிமிட வேலை, சோம்பலில் விட்டுவிட்டுப் போனவன் நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"தினமும் சுவிட்சு போடுதது யாரு?" என்றார் அண்ணாச்சி.

"நான்தான். சாமிக்கு அடுத்து கேமராதான்னு நீங்கதானே சொன்னீங்கோ?"

"அப்போ பதியாதுன்னு தெரிஞ்சுதான் எடுத்திருக்கே. நாளையிலேர்ந்து வராதே."

வேலம்மா என்னைப் பார்த்தாள். "எனக்கு இன்னா தெரியும் நைனா இதெல்லாம்? நீயாவது சொல்லேன்."

இன்னும் இரண்டு கடைகளுக்குக் கேமரா மாட்டித் தரச்சொல்லியிருந்தார் அண்ணாச்சி. கோழைப்பயல் நான், ரெக்கார்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முகவரியை நிலையாக எழுதினேன். அணைத்து மறுபடி போட்டேன். எட்டுக் கேமராவும் வந்தன, பதிவு ஓட ஆரம்பித்தது. சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். முதல் காட்சியில் வேலம்மா பெயரட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வாசற்படி இறங்கிப் போகிறாள். முகம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.