சீராக வந்த மீன்கள்

ஒத்தக்கடையில் தமிழ்வாணி வீட்டுத் தொட்டியில் ஒரு டைகர் பார்ப் ஏஞ்சல் மீனின் வாலைக் கடித்த அதே நேரத்தில், கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாப்பில் மதுரை வண்டிக்கு நின்றுகொண்டிருந்த அவளுடைய அப்பா முத்திருளனின் வேட்டியில் கால் பக்கத்து ஓரம் ஒரு விரற்கடை காணாமல் போனது. கிழிந்திருந்தால் துணி தொங்கியிருக்கும். இது தொங்கவில்லை, பொடிப் பற்கள் கொறித்து எடுத்ததுபோல வளைந்து வளைந்து போயிருந்தது. முத்திருளன் பக்கத்தில் நின்ற ஆட்டைப் பார்த்தார். ஆடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. தக்காளி மலிந்து கிடந்த வாரம் அது. அவர் ஒரு பை தக்காளியோடும் குறைந்த வேட்டியோடும் மகள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். வேட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மீன்கள் அந்த வீட்டுக்குச் சீராக வந்தவை. தை மாதம் புதுமனை புகுவிழாவுக்கு முன்னால், வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி வைத்தால் அழகாக இருக்கும் என்று தமிழ்வாணி போனில் அப்பாவிடம் சொன்னாள். சொன்னது அவ்வளவுதான். விழாவன்று மேளம் முன்னால் போக, பழத்தட்டுகளுக்கு நடுவே, நாலு பேர் தூக்கி வந்த கண்ணாடித் தொட்டியோடு முத்திருளன் தெருவுக்குள் நுழைந்தார். தண்ணீர்ப் பையில் ஒரு ஏஞ்சல் மீன் நீண்ட செட்டைகளோடு பட்டுக்குஞ்சம்போல அசைந்தது. ஜோடியாகத்தான் வாங்கியிருந்தார், மேலூர் தாண்டுவதற்குள் ஒன்று செத்துவிட்டது. அவர் மனைவியை இழந்தவர் என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெண் வீட்டார் இப்படி உயிரோடு சீர் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்க்காத மாமனார் சாம்பசிவம், பூஜை முடிவதற்குள் ஆட்டோ பிடித்துப் போய், மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் மூன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மாமியார் கனகலட்சுமி, பேரிலேயே தங்கம் இருக்கிறதே என்று கோல்டு ஃபிஷ் கொடுத்தாள். முத்திருளனின் அக்கா அழகம்மாள் தன் பங்குக்கு ஒரு ஃபைட்டர் மீன். தமிழ்வாணியின் கணவன் சூர்யபிரகாஷோடு கப்பலூர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த அசோக்குமார், ஒரு பாட்டில் நிறையக் கப்பி மீன். இப்படியே ஊர்ப்பட்ட உறவும் மீனும்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வந்த சீரைத் திருப்பித் தரக் கூடாது, விற்கக் கூடாது, இன்னொருவர் தலையில் கட்டவும் கூடாது. பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவுக்கு உள்ள இந்தச் சட்டம் உயிருள்ள பொருளுக்கும் உண்டா என்று அதுவரை யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. எதற்கு வம்பு, உண்டு என்றே வைத்துக்கொண்டார்கள். இதெல்லாம் ஒரே தொட்டியில் ஒத்துப்போகுமா என்று மட்டும் தமிழ்வாணி மீன் கடைக்காரர் பீமாராவிடம் கேட்டாள். பீமாராவ் முன்பு கல்யாணத் தரகராக இருந்தவர். தொழில்தான் மாறியிருந்தது, பேச்சு மாறவில்லை.

"ஆரம்பத்துல கொஞ்சம் முட்டிக்கிரும்மா. போகப் போகப் பழகிரும்" என்றார்.

இதே வாக்கை நம்பி நடந்த கல்யாணங்கள் ஒத்தக்கடையில் தெருவுக்கு ஒன்றாவது இருந்தன. கடையை விட்டுக் கிளம்பும்போது சூர்யபிரகாஷ் தன் கைக்காசில் ஒரு சக்கர் மீன் வாங்கினான். கறுப்பாக, யாரோடும் சேராமல், வாயால் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு அழுக்கைத் தின்னும் மீன் அது. சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தறியாத சூர்யபிரகாஷ், அந்த வாரத்திலிருந்து சொல்லாமலே பாத்திரம் கழுவ ஆரம்பித்தான். புது வீட்டு ராசி என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

பங்குனிக்குள் தொட்டி நெரிசலாகிவிட்டது. விடியற்காலையில் மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதே நேரத்தில் கோச்சடையில் தன் வீட்டில் கனகலட்சுமி மூச்சு முட்டி மொட்டை மாடிக்கு ஏறி, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். கொட்டாம்பட்டியில் முத்திருளன் பம்புசெட்டுத் தொட்டிச் சுவரில் ஏறி நின்றார். தமிழ்வாணி இன்னொரு காற்று மோட்டார் வாங்கிப் போட்டாள். உறவினர்கள் எல்லோருக்கும் ஒரு வாரம் ஓயாமல் ஏப்பம் வந்தது. ஃபைட்டர் மீன் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துச் செட்டையை விரித்துச் சண்டைக்குப் போக, அழகம்மாள் பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று, எதிரே நிற்கிறவளைக் காலையிலிருந்து ஏசிக்கொண்டிருந்தாள். கப்பி மீன்கள் குட்டி போட்டுப் பெருகியதில், அசோக்குமார் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் யாரும் திரும்பிப் போகவில்லை. சாம்பசிவம் காலையில் பல் துலக்கும்போது வாயிலிருந்து வெள்ளை நூல் வந்தது. நல்ல நூல்தான் என்று அவரே மனைவியிடம் சொன்னார்.

இதையெல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்த்தவள் தமிழ்வாணிதான், அதுவும் தற்செயலாக. ஒரு சனிக்கிழமை தொட்டியைக் கழுவுவதற்காக ஏஞ்சல் மீனை வலையில் எடுத்தாள். கையில் வலையைப் பிடித்திருக்கும்போதே போன் அடித்தது. அப்பா.

"ஒண்ணுமில்ல தாயி. சந்தையில நிக்கிறேன். காலு தரையில பாவ மாட்டேங்குது."

"பாவலன்னா? எம்புட்டுப்பா?"

"ஒரு சாண் இருக்கும். மூச்சும் முட்டுது."

வலையில் துடித்த மீனைப் பார்த்தவள், அதை மெல்லத் தண்ணீரில் இறக்கினாள்.

"ஆங், எறங்கிருச்சு" என்றார் முத்திருளன். "சரி, அங்கிட்டு கத்திரிக்கா என்ன வெல விக்கிது?"

விஷயம் அன்று சாயங்காலமே இரண்டு வீட்டாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் திகைக்கவில்லை. கொடுத்த சீரில் கொடுத்தவர் உயிர் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதனால்தானே திருப்பித் தரக் கூடாது என்கிறோம் என்றார்கள். முத்திருளன் சந்தையில் தரையை விட்டு எழும்பியதைவிட, யார் மீனுக்கு முதலில் தீனி விழுகிறது என்பதே பெரிய பேச்சாக இருந்தது. தன் மீன் அடியில் கிடக்க, அழகம்மாள் மீன் மட்டும் எப்படி மேலே மிதக்கலாம் என்று கனகலட்சுமி கேட்டாள். தான் தன்பாட்டுக்கு மிதப்பதும் ஒரு குற்றமா என்று அழகம்மாள் கொட்டாம்பட்டியிலிருந்து கேட்டனுப்பினாள்.

ஆனி மாதத்தில் முத்திருளனின் வேட்டி முழங்காலுக்கு வந்துவிட்டது. புது வேட்டி கட்டினாலும் சாயங்காலத்துக்குள் அந்த அளவுக்கே வந்து நின்றது. வாழ்நாளில் முதல் முறையாக அவர் பேன்ட் போட்டுக்கொண்டு ஒத்தக்கடை வந்தார். தெருவில் அவரை எல்ஐசி ஏஜென்ட் என்று நினைத்து இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சிரிப்பு அதோடு நின்றது. டைகர் பார்ப்கள் வாலை முடித்துவிட்டுச் செட்டைக்கு வந்திருந்தன. ஏஞ்சல் மீன் நிமிர்ந்து நீந்த முடியாமல் தொட்டி மூலையில், மோட்டாருக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. போட்ட தீனி அதன் பக்கத்தில் ஊறிக் கரைந்தது. முத்திருளன் கட்டிலில் படுத்தார். மதுரைக்கு அழைத்துப் போய்ப் பெரிய டாக்டர்களிடம் காட்டியபோது, நோய் என்று ஒன்றும் இல்லை, ஆனால் ஆள் ஓரம் ஓரமாகக் குறைகிறார் என்றார்கள்.

தமிழ்வாணி ஊருக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனித் தொட்டி வாங்கி அவருடைய மீனை அதில் விட்டுவிடுகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்றாள். முத்திருளன் வேண்டாம் என்று கையசைத்தார்.

"சம்பந்தி கடிக்கிறாருன்னு நான் எந்திரிச்சுப் போனா, அந்த வீட்டுல நாளைக்கு நீ எப்பிடித் தலை நிமிந்து நிப்ப? அப்பன் சீரு நடுவீட்டுல இருக்குற வரைக்கும்தான் பிள்ளைக்கு மதிப்பு. கடிச்சாக் கடிக்கட்டும் தாயி. வேட்டிதான."

வேட்டி இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அங்கிருந்து தமிழ்வாணி நேரே கோச்சடைக்குப் போனாள். அவளைக் கண்டதும் சாம்பசிவத்தின் முகம் வாடிப்போனது. மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை ஒவ்வொரு வார்த்தை சீண்டிக்கொண்டிருப்பார். அவர்கள் நிற்காமல் போய்விடுவார்கள்.

"நானா கடிக்கிறேன்? மீனு கடிக்குது. அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "சம்பந்திக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். தன் மீனைத் தனியாக எடுத்து வைப்பதற்கு மட்டும் அவரும் சம்மதிக்கவில்லை. மகன் வீட்டில் தன்னை ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசாதா?

தமிழ்வாணி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஸ்ஸில் வரும்போது அவள் தன் வகுப்பை நினைத்துக்கொண்டாள். வாலுப் பிள்ளைகள் மூன்று பேரை மட்டும் ஒரு பெஞ்சில் போட்டால் முன்பெஞ்சுக்காரியின் சடையைப் பிடித்து இழுப்பார்கள். அதே மாதிரிப் பிள்ளைகள் இருபது பேரை ஒரே அறையில் போட்டால் அவர்களுக்குள்ளேயே இழுத்துக்கொள்வார்கள், மற்றவர் சடை தப்பிவிடும். ஆகவே டைகர் பார்ப்களுக்கு வேண்டியது தண்டனை இல்லை, கூட்டாளிகள். ஆனால் ஏற்கெனவே மூச்சுவிட இடமில்லாத தொட்டியில் கூட்டத்தை எங்கே சேர்ப்பது? சீரை வெளியே அனுப்பவும் முடியாது. இந்த இடத்தில்தான் அவளுக்கு மறுவீடு ஞாபகம் வந்தது. கல்யாணம் முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அவர்களை யாரோ வெளியே தள்ளிவிட்டார்கள் என்று எந்த ஊரிலும் யாரும் சொன்னதில்லை.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள் பார்த்து, டைகர் பார்ப்களுக்கு மறுவீடு அழைப்பு நடந்தது. மாடி அறையில், கீழே இருந்ததைவிட ஒரு முழம் நீளமான தொட்டி வைத்து மாலை போட்டிருந்தார்கள். சாம்பசிவத்தின் கையில் தாம்பூலத் தட்டைக் கொடுத்து, மாமா வீட்டு மீன்கள் மாடிக்கு வர வேண்டும் என்று தமிழ்வாணி முறைப்படி அழைத்தாள். மாடி என்ற வார்த்தையைக் கேட்டதுமே சாம்பசிவம் பாதி சமாதானம் ஆகிவிட்டார். மறுவீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது, மாமா பக்கத்து ஆட்களும் வர வேண்டும் என்று அவள் சொன்னபோது முழுவதும் சமாதானம் ஆனார். ஓய்வு பெற்ற பிறகு முகம் கூடப் பார்க்காமல் இருந்த அலுவலக நண்பர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். ஆளுக்கொரு டைகர் பார்ப் வாங்கிக்கொண்டு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பீமாராவ் கடையில் பட்டை போட்ட மீனே இல்லாமல் போனது. வாளியில் மீன்கள் படியேற, மேளக்காரர் பின்னாலேயே ஏறினார்.

மறுநாளிலிருந்து மாடித் தொட்டியில் ஒரே துரத்தல். மஞ்சள் மீன்கள் ஒன்றையொன்று விரட்டிக் கடித்துக்கொண்டு, வேறு நினைப்பே இல்லாமல் சுற்றின. கோச்சடை டீக்கடையில் ஓய்வு பெற்றவர்கள் தினமும் கூடிப் பஞ்சப்படியைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எல்லோருடைய பேன்ட் ஓரமும் கொஞ்சம் கொறிபட்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமாகச் சாம்பசிவத்தைக் கனகலட்சுமி பார்த்ததே இல்லை. கீழே ஏஞ்சல் மீன் மோட்டாருக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்தது. கொட்டாம்பட்டியில் முத்திருளன் எழுந்து உட்கார்ந்து, ரசம் சோறு கேட்டார்.

மரியாதை ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? புரட்டாசி கழிந்ததும், தங்களுக்கு மட்டும் ஏன் மறுவீடு இல்லை என்று எல்லோரும் கேட்டார்கள். கோல்டு ஃபிஷ் படுக்கையறைக்கு அழைக்கப்பட்டது. கப்பிகள் மொட்டை மாடி சிமென்ட் தொட்டிக்குப் போயின, அசோக்குமார் வீட்டு விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஃபைட்டருக்கு உருவம் தெரியாதபடி இலைச்செடி வைத்த தனி ஜாடி. அழகம்மாள் பீரோ கண்ணாடியில் இருந்தவளோடு ராசியாகி, அவளைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். வீட்டில் மனிதர்கள் நடக்க இடம் குறைந்துபோனது வேறு விஷயம். தமிழ்வாணியும் சூர்யபிரகாஷும் ஒருக்களித்து நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

அடுத்த பொங்கலுக்கு இரண்டு வீட்டாரும் ஒத்தக்கடைக்கு வந்தார்கள். ஏஞ்சல் மீன் தொட்டிக்கு முன்னால்தான் பந்தி. முத்திருளன் கணுக்கால் மறைய வேட்டி கட்டி வந்திருந்தார். சாம்பசிவம் தன் இலையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வேட்டி புதுசா சம்பந்தி?"

"பழசுதான். வளந்துருக்கு."

சாம்பசிவம் தலையாட்டிவிட்டு, சம்பந்தியின் இலைக்கு இன்னொரு வடை போடச் சொன்னார். அப்போதுதான் கனகலட்சுமியின் கண்ணில் சக்கர் மீன் பட்டது. முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, கண்ணாடியின் அடிப்பக்கத்தை ஒரு பொட்டு அழுக்கில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தது. இதற்கு மட்டும் தனி இடம் வேண்டாமா, பாவம், அதையும் மாடிக்கு அழைத்துவிட்டால் என்ன என்றாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்த சூர்யபிரகாஷும் ஆமாம் என்றான்.

"அது எங்கயும் போகாது அத்தை" என்றாள் தமிழ்வாணி. "அதுக்கு இங்கதான் ஒத்துப்போகுது."

சரி என்று சொல்லிவிட்டு, சூர்யபிரகாஷ் குனிந்து எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக மடித்து எடுத்தான். முத்திருளன் தொட்டியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்ற ஆட்டைப்போல, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.