இரண்டு முழ ஒயர்

அக்காள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேட்டரி அறைவரை, எலக்ட்ரீஷியன் தம்பி மூன்றாம் முறையாக நாடாவைப் பிடித்து அளந்தான். பதினோரு மீட்டர். போக ஒரு ஒயர், திரும்ப ஒரு ஒயர்; ஆக இருபத்திரண்டு.

"தையக்காரன்கூட இத்தனை தடவை அளக்க மாட்டாண்டா," என்றாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அக்காள்.

அவன் சிரிக்கவில்லை. ஏழாண்டுகளுக்கு முன் இதே வீட்டுக்குச் சோலார் பேனல் போட்டவனும் அவன்தான். நாற்பது ஆம்பியருக்குப் பதினாறு எம்எம் ஒயர் என்று கணக்கிட்டதில் பிழையில்லை. சுருள்தான் இரண்டு முழம் குறைந்தது. மறுபடி கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, பையில் கிடந்த நான்கு எம்எம் துண்டை ஒட்டுப்போட்டுச் சுவர்க்குழாய்க்குள் தள்ளிவிட்டான். ஃபியூஸோ தடித்த ஒயருக்கென்று போட்டது. மெலிந்த துண்டு உருகினாலும் அது அறுந்து மின்சாரத்தை நிறுத்தாது. நான்காம் மாதம், உச்சிவெயிலில், பேட்டரி அறை தீப்பற்றியது. உள்ளே பகல் தூக்கத்திலிருந்த அக்காள் கணவர் வெளியே வரவில்லை. பேட்டரி வெடித்ததாக எல்லோரும் சொன்னார்கள். அவனும் தலையாட்டி வைத்தான்.

அன்றுமுதல் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், சுவரில் ஏதாவது ஓரிடம் அவன் உள்ளங்கைக்குச் சுட்டது. மீட்டர் வைத்துப் பார்ப்பான், ஒன்றும் இருக்காது. கையை எடுத்தால் சூடும் கையோடு வரும்.

இம்முறை, புதுப் பேனலுக்கென்று, இருபத்தைந்து எம்எம் ஒயர் வாங்கி வந்திருந்தான். நடுவில் எங்கும் வெட்டாமல் குழாய்க்குள் இழுத்து முடித்து, நண்பகலில் இணைப்புக் கொடுத்தான். மீட்டர் நாற்பது ஆம்பியர் காட்டியது.

அக்காள் அறைக்குள் வந்து நின்றாள்.

"ஒட்டு எதுவும் இல்லையே?"

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். அந்தச் சொல்லை அவன் இந்த வீட்டில் ஒருபோதும் உச்சரித்ததில்லை.

"இல்லக்கா. அன்னிக்கு இருந்துச்சு. ரெண்டு முழம். நாந்தான் போட்டேன்."

"தெரியும்."

முதல் வாரத்திலேயே அவ்விடத்தில் சுவர் சுடுவதை மாமா கவனித்தாராம். குழாய் மூடியைக் கழற்றி, ஒட்டையும் பார்த்தாராம்.

"உன்னைக் கூப்பிடுங்கன்னேன். 'வேலையில குறை சொன்னா உன் தம்பி மூஞ்சி தொங்கிப்போயிடும். சுடத்தானே செய்யுது, எரியவா போகுது? வரும்போது பக்குவமா சொல்லிக்கறேன்'னாரு. நீதான் வரவே இல்ல."

"ஏழு வருஷமா ஏங்க்கா கேக்கல?"

"நான் மட்டும் அன்னிக்கே உங்கிட்ட சொன்னேனா?"

அவள் பழைய குழாய் போன இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"எனக்கு இன்னும் சுடுதுடா."

அவனும் பக்கத்தில் கை வைத்தான். சுவர் சில்லென்று இருந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை.