குடிச்சிட்டுச் சொல்லுங்க

அந்த அலுவலகக் கட்டடத்துக்கு எதிரே சாயங்காலமானால் தள்ளுவண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அதில் மூன்று சூப்பு வண்டிகள். மூன்றிலும் ஒரே மாதிரிப் பாத்திரம், ஒரே மாதிரி வெள்ளைக் காகிதக் கப்பு, விலையும் ஒன்றுதான். நடு வண்டி லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியுடையது.

ஒருநாள், முந்தின நாள் அவளிடம் தக்காளி சூப்பு குடித்துவிட்டுப் பிரமாதம் என்று சொல்லிப் போன ஆள், நேராகப் பக்கத்து வண்டிக்குப் போய், "அண்ணே, நேத்துக் குடுத்தீங்களே, அதே சூப்பு ஒண்ணு" என்றான். பக்கத்து வண்டிக்காரரும் கூச்சமே இல்லாமல் ஊற்றிக் கொடுத்தார்.

அன்றைக்கு அவள் பூண்டு உரித்த வேகத்தைப் பார்த்தே மெக்கானிக்குக்குக் கதை புரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. எப்போதுமே அப்படித்தான். லிஃப்ட்டின் தலைக்கு மேலேயும் குழிக்குள்ளேயும் தனியாக வேலை பார்க்கிறவர். இரண்டு பேருக்கும் சேர்த்து வீட்டில் மனைவி பேசிவிடுவாள்.

"தக்காளியத் தீயில வாட்டி, ஒவ்வொண்ணாத் தோல் உரிக்கிறவ நான். நல்ல பேரு அந்தாளுக்கா?"

அவளுடைய தம்பிக்கு ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடையில் வேலை. பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான்.

"அக்கா, உன் சூப்புல ஒரு கொறையும் இல்ல. உனக்கு அடையாளம்தான் இல்ல. பிராண்டு வேணும்."

"அதுக்கெல்லாம் செலவாகும்டா. கப்புக்கு விலைய ஏத்தினா ஒருத்தரும் வரமாட்டாங்க."

"கப்புல ஒட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர். எங்க கடையில வெட்டி ஒதுக்குற தாளே போதும். முதலாளிகிட்ட நான் கேட்டுக்கறேன்."

மறுநாள் படங்களோடு வந்தான். ஆவி பறக்கும் கிண்ணம் ஒன்று. "வீடு தீப்பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. சிரிக்கும் தக்காளி ஒன்று. "பல்வலி மருந்தா இது?" என்றாள். தம்பி நொந்துபோய்ச் சுவரைப் பார்த்தான். அங்கே ஆணியில் மெக்கானிக்கின் அடையாள அட்டை தொங்கியது. அதில் அவர் முகத்தின் பாதியை மீசை பிடித்துக்கொண்டிருந்தது. அவரிடம் சத்தமாக இருந்தது அந்த மீசை ஒன்றுதான்.

"மாமா, இதை எடுத்துக்கறேன்."

"என் மூஞ்சியா? வேணாம்ப்பா."

"உங்கள யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் மனைவி. "எந்நேரமும் லிஃப்ட்டுக்கு மேல உக்காந்திருக்கறவரு."

பெயரில்தான் கொஞ்சம் இழுபறி. 'மீசை சூப்பு' என்று வைக்கலாம் என்றான் தம்பி. "வெச்சுப் பாரு. சூப்புல முடி கெடக்கும்னு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்." கடைசியில் 'மீசைக்காரர் சூப்பு' என்று முடிவானது. படத்துக்குக் கீழே இடம் காலியாக இருந்ததால், யாரையும் கேட்காமல் தம்பி ஒரு வரி சேர்த்தான்: குடிச்சிட்டுச் சொல்லுங்க.

மீசை வேலை செய்தது. ஒரே வாரத்தில் ஆட்கள் தூரத்திலிருந்தே, "மீசைக்காரர் வண்டி எது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். சிக்கல் மெக்கானிக்குக்குத்தான். எதிர்க் கட்டடத்து லிஃப்ட்டெல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் கதவு சாத்தியதும் உள்ளே இருந்த பெண்மணி கையிலிருந்த கப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி கப்பைப் பார்த்தார்.

"நீங்கதானா? குடிச்சிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கீங்களே, சொல்றேன். மிளகு தூக்கல்."

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர் எங்கே ஓடுவார்? தலையாட்டினார். அதற்குப் பிறகு மாடிக்கு மாடி ஆட்கள் சொன்னார்கள். கப்பு சுடுகிறது, நேற்றுத் தண்ணீராக இருந்தது, பூண்டு இன்னும் கொஞ்சம் போடலாம். தாகத்துக்கு எங்காவது டீ குடிக்க நின்றால், "என்ன சார், உங்க சூப்பு உங்களுக்கே பிடிக்கலையா?" என்றார்கள். எல்லாவற்றையும் கொண்டுவந்து சாப்பிடும்போது மனைவியிடம் ஒப்பிப்பார். அவள் முதலில் சண்டைக்கு வருவாள். அடுத்த நாள் சூப்பு மாறியிருக்கும்.

மூச்சு முட்டிப்போய், விடுமுறை நாள் ஒன்றில் முடிதிருத்துபவரிடம் போய் மீசையை எடுக்கச் சொல்லிவிட்டார். "நல்லா யோசிச்சீங்களா சார்? நானும் உங்க சூப்புதான் குடிக்கிறேன்" என்றார் அவர். யோசித்தாயிற்று என்றார் மெக்கானிக்.

மனைவி அவரைப் பார்த்ததும் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அன்று சாயங்காலம் அவர் நிம்மதியாக வண்டிக்குப் பக்கத்தில் நின்று கப்பு எடுத்துக் கொடுத்தார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மிளகு தூக்கல் என்று சொன்ன அதே பெண்மணி வந்தார். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனைவியின் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, அவரு ஊர்ல இல்லையா? இவரு யாரு?"

மனைவி மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அது விஷயத்தை இன்னும் மோசமாக்கியது. பக்கத்து வண்டிக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கடை கைமாறிடுச்சு போல" என்றார். வரிசையில் நின்ற இரண்டு பேர் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

நகர்ந்ததை மெக்கானிக் பார்த்தார். தக்காளியின் தோலை உரித்துச் சிவந்துபோன மனைவியின் விரல்களையும் பார்த்தார்.

"நாந்தாங்க அவரு" என்றார். அவ்வளவு சத்தமாகப் பேசி அவருக்கே பழக்கமில்லை. ஒரு கப்பை எடுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். யாரும் நம்புவதாகத் தெரியவில்லை.

"அப்படீன்னா நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்" என்றார் கணக்குப் பிரிவுப் பெண்மணி.

"மிளகு தூக்கல்னீங்க. மாமியாருக்கு வாங்கிட்டுப் போனேன், இருமித் தள்ளிட்டாங்கன்னீங்க. அப்புறம் லிஃப்ட்லேர்ந்து எறங்கும்போது, 'மாத்திடாதீங்க, அப்படியே இருக்கட்டும்'னீங்க."

வரிசையே வெடித்துச் சிரித்தது. பெண்மணி முகம் சிவந்து, "அவரேதான்" என்றார்.

"சார், நான்?" என்றான் ஹெல்மெட்டோடு நின்ற ஒருவன்.

"கப்பு சுடுதுன்னீங்க. இப்ப ரெண்டு கப்பாப் போட்டுத் தராங்க இல்ல?"

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. எட்டாவது மாடி வரைக்கும் பாடிக்கிட்டே வந்தீங்க."

நகர்ந்துபோன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். கடைசியில் பக்கத்து வண்டிக்காரரே தயங்கித் தயங்கி வந்து நின்றார். "என் சூப்பப் பத்தி யாராச்சும்...?"

"உப்பு பத்தலைன்னு நாலஞ்சு பேர் சொன்னாங்க. எங்கிட்ட எதுக்குச் சொல்றாங்கன்னு தெரியல. கேட்டுக்கிட்டேன்."

மறுநாளிலிருந்து பக்கத்து வண்டியில் உப்பு சரியாக இருந்தது.

மீசை பழையபடி வளர்ந்தது. வளர்கிற வரைக்கும் லிஃப்ட்டில் ஏறுகிறவர்களெல்லாம் அதை விசாரித்தார்கள். அவரும் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். வெயில் காலம் வந்ததும், சூடாக யார் குடிப்பது என்று எல்லா மாடியிலும் கேட்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னது அவர்தான். மனைவி எலுமிச்சையும் இஞ்சியும் கலந்து குளிராக ஒன்று செய்தாள். விலை சூப்பைவிடக் குறைவு. அதற்கு யார் படம் போடுவது?

தம்பி தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "என் மூஞ்சியப் போடலாம்க்கா."

"குடிக்கறதுக்கு முன்னாடியே புளிக்கும்டா."

"உன்னோடதப் போடு" என்றார் மெக்கானிக்.

"ஐயையோ! போற எடமெல்லாம் நிறுத்தி வெச்சு எதையாவது சொல்லுவாங்களே!"

"சொல்ல மாட்டாங்க. நீ எங்க அவங்களப் பேச விடப்போற?"

அவள் ஒரு நொடி முறைத்துப் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். தம்பி அந்தச் சமயம் பார்த்துப் படம் எடுத்துவிட்டான்.