உறவினர் கூற்று

என் அக்காவுக்கு வரியைக் கண்டு பயமில்லை. வரிதான் அக்காவைக் கண்டால் பயப்படும். இருபத்தெட்டு வருடமாக ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் படிவங்களை நிரப்புகிறாள். எங்கள் தெருவில் யார் வீடு வாங்கினாலும், கடை திறந்தாலும், முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த வாய்தான் காரணம்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவின் வலது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து கணுக்கால்வரை இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. யாராவது "பாவம்" என்று ஆரம்பித்தால் போதும், "அவளுக்கு என்ன குறை? உங்க எல்லாரையும் விட நல்லா நடப்பா" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அம்மா போன பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சொல்லப்போனால், அம்மாவை விட நன்றாகவே செய்தேன்.

இந்த வருடம் ஆலோசகர் நகரத்தின் மறுகோடியில் ஒரு கிளை திறக்க முடிவுசெய்தார். அதை அக்காவையே நடத்தச் சொன்னார். அவள் பெயர் போட்ட அறை, கீழே நான்கு பேர். ஆனால் மூன்று பேருந்து மாறிப் போக வேண்டிய தூரம். அக்கா யோசிக்கவே இல்லை. "கார் வாங்கறேன்" என்றாள். என் பயிற்சிக் காரிலேயே கையால் பிரேக்கும் வேகமும் பிடிக்கிற நெம்புகோலைப் பொருத்தி மூன்று மாதத்தில் கற்றுக்கொடுத்தேன். முதல் தடவையிலேயே உரிமம் வாங்கிவிட்டாள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கார்க் கடையில் விற்பனையாளர் விலைப்பட்டியலை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விற்பனை வரி எனக்குக் கிடையாது. சாலை வரியும் கிடையாது. சலுகை உத்தரவு வந்ததும் ரெண்டையும் எடுத்துடுங்க. கைநெம்புகோலுக்குத் தனி பில் போட்டிருக்கீங்க. தனியாப் போட்டா அதுக்கு வரி வரும், கார் பில்லுலயே சேர்த்தா வராது. சேர்த்துப் போடுங்க. அப்புறம், வரியும் சேர்ந்த தொகைக்குக் காப்பீடு கணக்குப் பண்ணியிருக்கீங்க. வரியே இல்லைன்னா அது எப்படி?"

விற்பனையாளர் பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க சார்" என்றேன். "என் கணக்கையே அவங்கதான் பாக்குறாங்க."

கால் முடியாதவர்களுக்கான அந்த வரிச் சலுகை கிடைத்தால் வங்கிக் கடன் போதும். கிடைக்காவிட்டால் கார் இல்லை. கார் இல்லாவிட்டால் கிளை வேறொருவர் கைக்குப் போய்விடும், ஆலோசகர் இரண்டு மாதம்தான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். இவ்வளவுதான் விஷயம், ஆனால் அக்காவுக்கு அது இருபத்தெட்டு வருடம் காத்திருந்த விஷயம்.

விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். பதினொன்றை அக்கா ஒரே மூச்சில் நிரப்பினாள். ஒரு பக்கத்தை மட்டும் அவள் தொடக் கூடாது. "உறவினர் கூற்று" என்று தலைப்பு. விண்ணப்பதாரரோடு ஒரே வீட்டில் இருப்பவர், அவருடைய அன்றாட நடமாட்டத்தைப் பற்றித் தன் கைப்பட எழுதி, விண்ணப்பதாரரிடம் காட்டாமல் உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும்.

"உள்ளத உள்ளபடி எழுது. கதை விடாத" என்றாள் அக்கா.

"என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சதுனாலதான்டா சொல்றேன்."

நான் எழுதினேன். அரை மணி நேரம் மூச்சுவிடாமல் எழுதினேன். என் அக்கா யாரிடமும் எந்த உதவியும் கேட்டதில்லை. எந்தப் படியும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வேலைக்குப் போனதில்லை. இரண்டு கால் உள்ளவர்கள் அவளிடம் பாடம் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒருத்திக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள் என்பது என் கணக்கு. உறையை ஒட்டும்போது எனக்கே புல்லரித்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அக்கா சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தாள். படித்தாள். பிறகு எனக்கும் கேட்கும்படி படித்தாள்.

"'உறவினரின் கூற்றுப்படி, விண்ணப்பதாரர் எவ்வித உதவியும் இன்றிப் பேருந்திலும் படிகளிலும் சிரமமில்லாமல் சென்று வருகிறார். ஆகவே சலுகை தேவைப்படவில்லை.'"

என் முகத்தில் ஈயாடவில்லை.

"சலுகை கேக்கச் சொன்னா பாராட்டு விழா நடத்தியிருக்க" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, "முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு, புதுக் கூற்றோட" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

"இதோ, இப்பவே எழுதித் தரேன். ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது, படுத்த படுக்கைன்னு எழுதிடறேன்."

"படுத்த படுக்கையா இருக்கறவளுக்கு எதுக்குடா கார்?"

எடுத்த பேனாவை மூடி வைத்தேன்.

"இத்தனை வருஷத்துல ஒரு படிவத்துலயும் நான் பொய் எழுதினதில்ல. என் படிவத்துல ஆரம்பிக்க மாட்டேன்" என்றாள். "ரெண்டு நாள் பள்ளிய மூடிட்டு என்கூட வா. பாக்கறத எழுது, அது போதும்."

போனேன். நாற்பத்தாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

முதல் பேருந்தை அவள் விட்டுவிட்டாள். கூட்டம் இல்லை. படி உயரம். இரண்டாவதையும் விட்டாள். மூன்றாவது தாழ்படிப் பேருந்து, அதில் ஏறினாள். இதற்காகத்தான் தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறாள். சீக்கிரம் கிளம்புவது அவள் சுறுசுறுப்பு என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

அலுவலகப் படிகளில் ஒவ்வொரு படிக்கும் வலது கையால் தொடையை அழுத்திக்கொண்டு ஏறினாள். அந்தக் கையை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். உடையைச் சரிசெய்கிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன். கையை எடுத்தால் முட்டி மடங்கிவிடும் என்று அன்றைக்குத்தான் சொன்னாள், அதுவும் நான் கேட்டதால்.

பதினோரு மணிக்கு எல்லோருக்கும் தேநீர் வந்தது. அக்கா தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"கழிவறை மேல் மாடில இருக்கு" என்றாள், பேனாவை நிறுத்தாமல்.

எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தேன், என்னைத் தவிர யாரும் அகப்படவில்லை.

இரண்டாம் நாள் இருவருமாக வங்கிக்குப் போனோம். வரிசையில் பக்கத்திலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பத்து நிமிடம். அதற்கு மேல் அவளால் முடியவில்லை, சுவரில் சாய்ந்துவிட்டாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை உட்கார்ந்து எழுதினேன். இந்த முறை அடைமொழி எதுவும் போடவில்லை. இன்ன இடம், இத்தனை படி, இவ்வளவு நேரம். இரண்டு பக்கம் வந்தது. அம்மா இருந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பாள்.

மேல்முறையீட்டை நேரில்தான் கேட்பார்கள். வரி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரியம்மா, முன்னால் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். இந்தக் கட்டத்தில் கூற்றை வாசித்துக் காட்டி இருவரிடமும் கையெழுத்து வாங்குவது விதி. அதிகாரியம்மா பழைய கூற்றையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் நீங்க எழுதினதா?"

"ரெண்டும் நான்தாங்க. முதல்ல எழுதினது பாக்காம எழுதினது."

அவர் வாசிக்க ஆரம்பித்தார். பேருந்து, படி, தொடையில் ஊன்றும் கை, குடிக்காத தண்ணீர். அக்கா அசையாமல் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றாள். எனக்குத்தான் காது சுட்டது. இதையெல்லாம் வெளி ஆள் வாயால் கேட்பது எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை.

"'தொடர்ந்து நிற்கக்கூடிய நேரம், பத்து நிமிடம்.'"

"அது தப்பு" என்றாள் அக்கா.

"அக்கா, கடிகாரத்தப் பாத்துத்தான் எழுதினேன்."

"ஆறு நிமிஷம்னு போடுங்க மேடம்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "இவன் பக்கத்துல நின்னாத்தான் பத்து."

அதிகாரியம்மாவின் பேனா நின்றது. பிறகு பத்தை அடித்து ஆறு என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொல்லித் தாளை என்னிடம் நீட்டினார். எங்கே போட வேண்டும் என்று எனக்குக் கண் தெரியவில்லை. அவரே விரலை வைத்துக் காட்டினார். போட்டேன்.

"உத்தரவு தயார் பண்ணி முத்திரை வெச்சுத் தரேன். கொஞ்ச நேரம் ஆகும்" என்றார்.

எங்களுக்குப் பின்னால் ஒரு நீள இருக்கை காலியாகக் கிடந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தேன்.

அடுத்த நொடி அக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.