நாலாவது காரணம்

பிணத்தைக் குளிப்பாட்ட எடுத்துவந்த நீர்மாலைக் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மலையம்மாள் நிமிர்ந்தபோது, பந்தல் காலோரம் வீரணன் நின்றுகொண்டிருந்தான். தேனி மில்லில் ஆள் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் அவள் அண்ணன் ராக்கப்பனுக்குக் கீழே வேலை பார்ப்பவன். அண்ணனோ உள்ளே பெஞ்சில் கிடந்தான். மஞ்சள் காமாலை ஒரே மாதத்தில் ஆளை முடித்துவிட்டது.

"ஆத்தா, கேக்கக் கூடாத நேரம்," என்றான் வீரணன். "அண்ணனுக்கு லீவெல்லாம் தீந்துபோச்சு. இன்னைக்கு மாசக் கடைசி. சாயந்தரம் கணக்கை முடிச்சா, தானா வேலையை விட்டுட்டாகன்னு கம்ப்யூட்டர் மிஷினே பேரை எடுத்துரும். நாமளா எடுக்கப் போனா, என்ன காரணம்னு கேக்குது. ராஜினாமா, ஓய்வு, நீக்கம். மூணுதான் இருக்கு. நான் எதை அமுக்க?"

வேலையில் இருக்கும்போதே இறந்தவரின் மனைவிக்குத்தான் மில்லில் வேலை கிடைக்கும். வேலையை விட்டவன் என்று பதிந்துவிட்டால், அங்கே மார்பில் அடித்துக்கொண்டு அழும் மதினி சுருளியம்மாளுக்கு நாதியில்லை.

கம்ப்யூட்டரில் ஆள் கணக்கு வைக்கும் அந்தப் புரோகிராமை எழுதியவளே மலையம்மாள்தான். அவள் வேலை பார்க்கும் மதுரைக் கம்ப்யூட்டர் கம்பெனி போன வருஷம் அவளை மில்லுக்கு அனுப்பியது. மில்காரர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து துளைத்து எடுத்தாள்.

"ஆளு செத்துட்டா என்ன போடுவண்ணே?"

"அடச் சீ! பொட்டு வச்சு பூசை போட்ட புது மிஷினு. அதுல போய்ச் சாவை எழுதுவியாக்கும்? வந்தாப் பாத்துக்கிரலாம், விடு."

ஊரையே குறுக்குக் கேள்வி கேட்கிறவள், அண்ணன் சொல்கிறானே என்று விட்டுவிட்டாள். புத்திகெட்டவள்.

பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். மலையம்மாள் வீரணனின் சைக்கிள் கேரியரில் ஏறினாள்.

"அடியே, தலை முழுகாம எங்கன போற?" என்று அம்மா கத்தினாள்.

"மதினிக்கு வேலை வேணும்மா."

ஆபீஸ் அறை குளிர்ந்து கிடந்தது. கம்ப்யூட்டரின் நெற்றியில் காய்ந்த சந்தனம் இன்னும் இருந்தது. ஈரச் சேலையோடு உட்கார்ந்து, நாலாவது காரணமாக இங்கிலீஷில் 'சாவு' என்று சேர்த்தாள். பிறகு அண்ணனின் நம்பரை அடித்தாள்.

'நிச்சயம்தானா?' என்று திரை கேட்டது.

அந்தக் கேள்வியும் அண்ணன் அடம்பிடித்து வைக்கச் சொன்னதுதான். "மனுசனுக்குக் கை தவறும்லத்தா. ஒருத்தன் பேரை எடுக்குமுன்ன ஒருக்காக் கேக்கட்டும்."

அவளுக்கு இல்லை என்று அமுக்கத்தான் ஆசையாக இருந்தது. வீரணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே மில் சங்கு ஊத, ஷிப்ட் முடிந்தவர்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று அமுக்கினாள். திரையில் இருந்த பட்டியலில் ராக்கப்பன் பேர் இருந்த இடத்துக்கு அடுத்த ஆளின் பேர் ஏறி வந்து நின்றது.