சேருக்கு வைத்த நேர்த்தி

ஜேர்மனியில், கொலோன் மண்டபத்தில் மைக்கைப் பிடித்துவிட்டால் மகேந்திரராஜா இலேசில் விடமாட்டார். பழைய மாணவர் சங்கத் தலைவர் என்றால் சும்மாவா? அன்றைய ஒன்றுகூடலில் ஊழலைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தார்.

“நாட்டை வங்குரோத்தாக்கினது ஆர்? மேல இருந்து கீழ வரைக்கும் களவு! அதில அடிபட்டது எங்கட பிள்ளையளின்ர படிப்பு. அதுக்குத்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பௌதிக ஆய்வுகூடம் கட்டிக் குடுத்திருக்கிறம்.”

சனம் கைதட்டியது. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தின் பௌதிக ஆசிரியர் இளங்கீரன், மகேந்திரராஜாவின் மனைவியுடைய தம்பி. போன வருடம் அக்காவைப் பார்க்க விசாவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. அகதி அன்ராக் என்ற தஞ்ச விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அக்கா வீட்டிலேயே இருக்கிறான். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தால் அங்கே இன்னொருவரைப் போட்டிருப்பார்கள். ஆனால் அன்ராக் கவிழ்ந்தால் திரும்பிப் போய் இருக்க ஒரு கதிரை வேண்டுமே! மகேந்திரராஜா ஊரில் கல்விப் பணிமனையில் தனக்குத் தெரிந்தவருக்கு ஒரு போன் எடுத்தார். இளங்கீரனுக்குக் கடும் சுகயீனம், வெளிநாட்டில் வைத்தியம் என்று பதிவாயிற்று. வேலை அவன் பெயரிலேயே கிடந்தது, பதிலுக்கு வேறு ஆசிரியர் வரவில்லை. ஒரு போன்தானே, ஆருக்கு என்ன நட்டம் என்று மகேந்திரராஜா மனதைத் தேற்றிக்கொண்டார். கொஞ்ச நாளில் அதையும் மறந்துபோனார்.

பேச்சு முடிந்ததும் பெரிய திரையில் ஊர்ப் பள்ளிக்கூடம் நேரலையில் தெரிந்தது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். நன்றியுரை சொல்ல வந்த சுஜானி என்ற பெண் வாயசைத்தாள், சத்தம் வரவில்லை. இந்தக் கணினி வேலை தெரிந்தவன் அங்கே இளங்கீரன் ஒருவன்தான். கமெராவுக்கு முன்னால் தலை காட்டாதே என்று அத்தான் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். அவசரத்தில் அவன் மறந்துவிட்டான். கமெராவுக்கு நேரே வந்து குனிந்து எதையோ தட்டினான். சத்தம் வந்தது.

“சேர்!”

வரிசை குலைந்தது. பிள்ளைகள் எல்லாரும் கமெராவை நெருக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

“சேர், சுகமாயிட்டியளோ?” சுஜானிக்கு மூச்சு வாங்கியது. “உங்களுக்குப் பெரிய ஒப்பரேசன் எண்டு சொன்னவை. நாங்கள் எல்லாரும் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சனாங்கள். வெள்ளிக்கிழமையில விரதம் பிடிக்கிறம். நீங்கள் வந்துதான் திறக்கவேணும் எண்டு ஆய்வுகூடச் சாமானெல்லாம் பெட்டியோட வைச்சிருக்கிறம், சேர். சோதினைக்கு நாங்களே புத்தகத்தைப் பாத்துப் படிக்கிறம். பாதி விளங்கேல்லை. அது பரவாயில்லை, நீங்கள் வருத்தம் மாறி வாங்கோ.”

மண்டபத்தில் வடை தின்ற வாய்கள்கூட ஓய்ந்துவிட்டன. இளங்கீரன் நேற்றுத்தான் சங்கத்துப் பெடியங்களோடு கால்பந்து விளையாடினான் என்பது பாதிப் பேருக்குத் தெரியும்.

அந்தப் பெண் திட்டியிருந்தால் மகேந்திரராஜா சமாளித்திருப்பார். திட்டுக்கு அவரிடம் எப்போதும் பதில் இருக்கும். அவள் முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை. அவருக்குக் காது மடல் கொதித்தது. நிலம் வெடித்து உள்ளே போகமாட்டேனா என்றிருந்தது. மைக் கையில்தான் இருந்தது. இவருக்கு ஒரு நோயும் இல்லை, வேறு ஆசிரியரைக் கேளுங்கோ என்று ஒரு வசனம் சொன்னால் போதும், பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். முன்வரிசையில் மனைவி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். “அத்தான்…” என்றான் இளங்கீரன், மெதுவாக.

“ஓம் பிள்ளை,” என்றார் மகேந்திரராஜா. “சேருக்கு இன்னும் மாறேல்லை. இங்க மருந்து எடுக்கிறார்.”

சுஜானியின் முகம் வாடியது.

“அப்ப நாங்கள் விரதத்தை விடமாட்டம், ஐயா. நீங்களும் எங்களோட சேந்து ஒருக்காக் கும்பிடுங்கோ.”

பிள்ளைகள் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். மண்டபத்தில் ஆரோ ஒருவர் எழுந்தார். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். ஒரு தடிமன் காய்ச்சல்கூட இல்லாத மனிதனின் சுகத்துக்காக அத்தனை பேரும் கும்பிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மகேந்திரராஜாவும் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினார். கூப்பிய கை தானாகவே மேலே போய் முகத்தைப் பொத்திக்கொண்டது. தோள் குலுங்கியது.

“அழாதேங்கோ ஐயா,” என்றாள் சுஜானி திரையில். “சேருக்குக் கட்டாயம் மாறிடும்.”