பத்து லட்சம் நாத்தனார்கள்

ஒரே மத்தியானத்தில் பத்து லட்சம் நாத்தனார்களை உண்டாக்கி, கிழவிகளாக்கி, சாயங்காலக் காபிக்குள் வழியனுப்பியும் வைத்தவள் நான். ஒரே ஒரு நாத்தனாரைச் சமாளிக்க முடியாமல் வீடு மாற்றிக்கொண்டு போனவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடலாம். தடுக்க மாட்டேன்.

ஓய்வு பெறும்வரை சுகாதாரத் துறையில் எனக்கு அதுதான் உத்தியோகம். கணினிக்குள் பெண்களைப் பிறக்க வைப்பேன். வயது ஏறும். பலருக்கு ஒரு கிருமி தொற்றும். பெரும்பாலும் அது வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலரிடம் மட்டும் கருப்பை வாயில் குடித்தனம் போட்டுவிடும். பத்துப் பதினைந்து வருஷம் சத்தமே காட்டாமல் இருந்துவிட்டு, அப்புறம் புற்றுநோய். நடுவில் பரிசோதித்தால், மாறத் தொடங்கிய செல்களை நோயாகும் முன்பே அகற்றிவிடலாம். எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை அழைத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

ஊரே என் திறமையை மெச்சியது. மெச்சாத ஒரே ஜீவன் என் நிஜ நாத்தனார். கணவரின் தங்கை, ஐம்பத்திரண்டு வயது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். அவள் அதட்டினால் சிவப்பு விளக்குகூடப் பயந்து பச்சையாகும்.

என் கடைசி வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறை மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அறிக்கை தயார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போகும் அழைப்பை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஏகப்பட்ட உயிர் பிழைக்கும் என்பது முடிவு. மறுநாள் இயக்குநரிடம் கொடுக்க வேண்டும். நாத்தனார் உள்ளே வந்து, உரிமையோடு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"என்ன அண்ணி, இன்னிக்கு எத்தனை பேரைக் காப்பாத்தினீங்க?"

"உன்னையும் சேர்த்துத்தான் காப்பாத்தியிருக்கேன். கடைசியா எப்பப் பரிசோதனைக்குப் போன?"

"போனதே இல்லையே."

"அழைப்பு வருமே."

"வரும். நல்ல காகிதம். கார் கண்ணாடி துடைச்சா பளபளன்னு ஆயிடும்."

சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் கணக்கில் ஒரு பழக்கம் உண்டு. அழைப்புப் போகும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருத்திக்கும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவோம். பத்துக்கு ஆறு பேர் வருவார்கள். இந்த முறை வராதவளுக்கும் அடுத்த முறை அதே வாய்ப்பு. ஆகவே நாலைந்து அழைப்புக்குள் ஏறக்குறைய எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். கணினிக்குள்தான் அப்படி. அங்கே பிறந்த பெண்களுக்கு எல்லாம் கொடுத்த நாங்கள் பிடிவாதத்தைக் கொடுக்க மறந்திருந்தோம். இதோ காபிக்குப் பால் வைக்கிறவளுக்கு எத்தனை முறை குலுக்கினாலும் ஒரே சீட்டுத்தான் விழும்.

எந்த அழைப்புக்கும் வராதவர்கள் என்று ஒரு கூட்டத்தைக் கணக்கில் சேர்த்து ஓட்டினேன். அறிக்கை குப்புற விழுந்தது. வருகிறவர்கள் இன்னும் அடிக்கடி வந்தார்கள். வராதவர்கள் வரவேயில்லை. நோயெல்லாம் அவர்கள் பக்கம் குவிந்து கிடந்தது.

"இரு, உன்னைக் கொஞ்சம் உள்ளே போட்டுப் பார்க்கிறேன்," என்றேன்.

"என்னையா?"

"உன் வயசு, உன்னை மாதிரியே பரிசோதனை பக்கம் எட்டிப் பார்க்காதவங்க. ஒருத்தியை வச்சு ஒண்ணும் தெரியாது. பத்து லட்சம் வேணும்."

"நாடு தாங்காது அண்ணி."

கப்பல் புறப்படுவது போல மடிக்கணினியின் விசிறி அலறியது. மேஜை நடுங்கி, டம்ளர்கள் நாட்டியமாடின. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எத்தனை தடவை செத்தேன்?"

எதை வேண்டுமானாலும் ஊதிப் பெரிதாக்குவேன், கணக்கை மட்டும் மாட்டேன். "பெரும்பாலும் சாகலை. பதினஞ்சாயிரம் பேருக்கு நோய் வந்தது. அதுல பாதிப் பேர் தப்பலை."

"மத்தவங்க நல்லாத்தானே இருக்காங்க? நான் அந்தப் பக்கம்னு வச்சுக்கங்க."

"வச்சுக்கலாம். எந்தப் பக்கம்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

நாத்தனார் குனிந்து, திரையிலிருந்த எண்ணை உற்றுப் படித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் காணாத காட்சி. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன் போகலை?" என்றேன், மெதுவாக.

"இன்னொருத்தர் ஓட்டற கார்லகூட நான் உட்காரமாட்டேன், தெரியுமில்ல. அங்க மேஜையில படுக்க வச்சு, யாரோ ஒருத்தர்..."

"நீயே எடுத்துக்கலாம்னா? கதவைச் சாத்திக்கிட்டு, ஒரு பஞ்சுக் குச்சி. குழாய்ல போட்டுத் தபால்ல அனுப்பினாப் போதும்."

"பிரேக் என் காலடியில இருக்குமா?"

"உன் காலடியில மட்டும்தான்."

அப்படிக் குச்சியும் குழாயும் வைத்த பெட்டிகளைத் துறை வாங்கி, யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் தூங்க வைத்திருந்தது. மறுநாள் இயக்குநர் என் புது அறிக்கையைப் புரட்டினார். அழைப்பைக் கூட்ட வேண்டாம், வராதவர்கள் வீட்டுக்குப் பெட்டியை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை வேற மாதிரி சொன்னீங்களே மேடம்?"

"நடுவுல நாத்தனார் காபி குடிக்க வந்தாங்க சார்."

"அதை அறிக்கையில போட்டுடாதீங்க," என்று கையெழுத்துப் போட்டார்.

முதல் தொகுதியிலேயே அவளுக்குப் பெட்டி போனது. கிருமி இருப்பதாகப் பதில் வந்தது. கடைசியில் அந்த மேஜையில் படுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். எதிரே வந்த வண்டிகளையெல்லாம் திட்டினாள். பக்கத்து இருக்கையில் நான் அவள் கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருப்பை வாயில் சில செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்றுநோய் ஆகவில்லை. அகற்றிவிட்டார்கள். சில வருஷம் விட்டிருந்தால் வேறு பேச்சு என்றார் டாக்டர்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலமாயிற்று. போன மாதம் அவள் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, கார் கற்க வந்த ஒரு ஆசிரியையிடம் என் பத்து லட்சம் பெருமையை அவிழ்த்துவிட்டேன். அந்தம்மா பாவம், நாத்தனாரைப் பார்த்தார்.

"மேடம், இவங்க சொல்றது..."

"நம்பாதீங்க. கப்பலும் இல்ல, நாட்டியமும் இல்ல. அந்த விசிறி கொசு மாதிரி முனகிச்சு, அவ்வளவுதான்." சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தவள், வாசலில் நின்றாள். என்னைப் பார்க்காமல் ஆசிரியையிடம் சொன்னாள்:

"ஆனா பத்து லட்சம் பேர் இருந்தது நிஜம். நான் பின்னாடி நின்னு பார்த்தேன். எல்லாம் நான்தான்."